கைவிட்டவர்

"அந்த மாலையைக் கீழே வைங்க. எங்கம்மா படத்துக்கு நீங்க போடக் கூடாது."

மண்டப வாசலிலேயே மகள் வழிமறித்துவிட்டாள். உள்ளே சர்க்கஸ்காரர்கள் நாற்பது பேர். ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பறக்கும் பார் விளையாட்டில் ராணி என்று பேர் எடுத்தவளுக்கு நினைவுக் கூட்டம். வந்து நிற்பவரோ, அந்த ராணியை அந்தரத்தில் கைவிட்டவர்.

எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி, தலையில் கிரீடத்தோடு பறந்து வருகிறவளின் கையைப் பிடிப்பதுதான் அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடாரம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் பிடி நழுவியது. அவள் வலையில் விழுந்தாள். முதுகில் அடி. அதோடு சர்க்கஸுக்கே முழுக்கு. அன்றிலிருந்து அவருக்குப் பெயரே 'நழுவல்'.

"கை வியர்த்துடுச்சும்மா" என்றார் நழுவல், முப்பது வருஷமாகச் சொல்லிவரும் அதே பதிலை.

"அப்புறம் எங்கம்மா ஏணிப் பக்கமே போகலையே! உங்களுக்கென்ன, மாலையோட வந்துட்டீங்க."

நழுவல் திரும்பி நடந்தார். நாலடி போனவர் என்ன நினைத்தாரோ, மறுபடி வந்தார். காற்றுக்காக வாசலோரம் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த சர்க்கஸின் கிழட்டு முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா, காதைக் கொடு. உங்கம்மா தவறி விழல. நான்தான் போட்டேன்."

"என்னது?"

"மெதுவா! அப்போ உனக்கு மூணு வயசு. சொந்தக்காரங்க வீட்டுல விட்டிருந்தா. ஒரு தடவை பார்க்க வந்தவளை நீ 'அத்தை'ன்னு கூப்பிட்டுட்டே. வேலையே வேணாம்னு ஒரே அழுகை. இந்த மனுஷன் விட்டாத்தானே? ஒப்பந்தம் இன்னும் ஆறு வருஷம் இருக்கு, அடிபட்டாத்தான் விடுவேன்னுட்டார். சரின்னு அடிபட்டுட்டோம்."

"அத்தனையும் நடிப்பா?"

"ஒரு வாரம் ஒத்திகை! 'இன்னும் இயல்பா விடுங்க, இன்னும் இயல்பா விடுங்க'ன்னு என் உயிரை எடுத்துட்டா. முதலாளி காதுக்குப் போயிடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா."

நழுவலை மகள் திட்டும்போதெல்லாம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அழத்தான் போகிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

"உள்ள வாங்க, மாமா" என்றாள். "முதல் மாலை உங்களோடதுதான்."

"டேய், நழுவல்!"

முதலாளி. கண் மூடியபடியேதான் இருந்தது.

"அந்தரத்துல கைவிட்டவனை எவனாவது கடைசி வரைக்கும் வேலையில வச்சிருப்பானாடா?"

"மு... முதலாளி! உங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தியை நானா விட்டா அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிடுவாங்களே, அதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்." முதலாளி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "பின்னே, தவறி விழுறவ எங்கேயாவது ஒரு கையால தலைக் கிரீடத்தைப் பிடிச்சுக்கிட்டா விழுவா?"