கடைசிக் காட்சியில் சேவல்

குருத்து ஞாயிறு சாயங்காலம், பாக்கியமேரி வீட்டு வாசலில் நின்று உண்டியலை உடைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் டெய்சி.

உண்டியல் ஒரு பீங்கான் சேவல். தவக்காலம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசு அதற்குள் கிடந்தது.

பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் அதே சேவல்தான். கண் எழுதியது டெய்சி. செராமிக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. சூளையில் கோணிப்போனவற்றை முதலாளி சும்மாவே கொடுத்துவிட்டார். வருகிற பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பாஸ்கா பூசைக்குக் கிளம்புமுன் எல்லோரும் உடைத்து, காசை டெய்சியின் கார்ட்டூன் படத்துக்குப் போடுவதாகப் பேச்சு.

படமும் ஒரு சேவலைப் பற்றியதுதான். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடன் பேதுரு மூன்றுமுறை சொன்னதும் கூவியதே, அந்தச் சேவல்.

தான் கூவியதால்தான் பேதுரு மாதிரி ஒரு பெரிய மனுஷன் அப்படித் தேம்பி அழுதான் என்று அதற்குத் தெரிந்துபோகிறது. அதற்குப் பிறகு அது கூவுவதே இல்லை. எருசலேம்காரர்கள் நேரங்கெட்டு எழுந்து அதைத் திட்டுகிறார்கள். திட்டினாலும் கூவுவதில்லை. படம் அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் ஒரே ஒரு தடவை கூவ விட்டால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று கூட்டாளி பிரவீன்குமார் சொல்லிப் பார்த்தான். கூவினால் இந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றாள் டெய்சி. மூன்று வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் வரைவதே அந்த ஒரு மௌனத்துக்காகத்தான். அதைவிட அவளுக்குப் பிரியமானது உலகத்தில் எதுவும் இல்லை.

இணையத்தில் பணம் திரட்டும் பக்கத்தைத் திறந்தது பிரவீன்குமார். கெடுவுக்குள் கேட்ட தொகை சேராவிட்டால், வந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். படம் கணினிக்குள்ளேயே கிடக்கும். யாராவது பணம் போட்டால் டெய்சியின் போனில் சேவல் கூவும்படியும் அவன் செய்துவைத்திருந்தான். அது எப்போதாவது கூவியது. அதிலும் பாதி, பெண்ணாடத்திலிருக்கும் அவனுடைய அத்தைமார்கள்.

கெடு எத்தனை நாள் என்று அவன் கேட்டபோது, சாம்பல் புதனிலிருந்து தவக்காலம் நாற்பது நாள், அது முடிகிற அன்றைக்கு மூடினால் போதும் என்று டெய்சி சொன்னாள். அவன் நாற்பது என்று போட்டுவிட்டான்.

தவக்காலம் நாற்பது நாள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் சேராது. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயத்தை யார் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? பிரவீன்குமார் வீட்டுக் காலண்டரில் ஞாயிறும் ஒரு நாள்தான். பக்கம் இன்று ராத்திரியோடு மூடுகிறது.

அவன் செய்தி அனுப்பியபோது அவள் கோயிலில் இருந்தாள். பூசையில் இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கையில் பேதுருவின் பங்கு அவளுக்கு. மூன்றுமுறையும் தடுமாறாமல் மறுதலித்தாய் என்று பூசை முடிந்து ஃபாதர் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் போனைப் பார்த்தாள்.

பாக்கியமேரி மாதா சபைத் தலைவி. அவர் உடைத்தால் தெருவே உடைக்கும். அவர் உடைக்காவிட்டால் மாதாவே இறங்கிவந்து சொன்னாலும் ஒருத்தரும் உடைக்க மாட்டார்கள்.

"தவக்காலம் முடியாம ஒடைக்கக் கூடாதும்மா."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமக்கா. ஞாயித்துக்கெழம தவக்காலத்துல சேராதில்ல?"

பாக்கியமேரி யோசித்தார். தவக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கறி எடுப்பவர்தான். உள்ளே போய்ச் சேவலையும் குழவிக்கல்லையும் கொண்டுவந்து வாசற்படியில் உட்கார்ந்தார். குழவியை ஓங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"கடேசில சேவல் கூவும் இல்ல?"

டெய்சி அந்தப் பீங்கான் சேவலைப் பார்த்தாள். அவள் எழுதிய கண் அவளையே பார்த்தது.

"கூவும்க்கா."

சேவல் உடைந்தது.

சத்தம் கேட்டு, கட்டிலில் படுத்திருந்த அவருடைய கணவர் செல்வநாதன் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். குனிந்து சில்லறையைப் பொறுக்கியபடியே, கூவாத சேவலுக்குக் காசு கொடுத்தோம் என்று நாளைக்கு ஊர் சிரிக்காதா என்று கேட்டார். சிரிக்காது மாமா, கூவும் என்றாள் டெய்சி, இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே.

அதற்குள் எதிர்வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் பீங்கான் உடைந்தது. முனைக்கடை ஆன்றோ, சில்லறையை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, தன் போனிலிருந்து மொத்தமாக அனுப்புவதாக ஏற்பாடு. அவர் எல்லாவற்றையும் எண்ணி முடித்து, கட்டைவிரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றார்.

"ஊமச் சேவல்னு பிரவீனு சொன்னானே?"

"மாதா சத்தியமா கூவும்ண்ணே."

ஆன்றோ அழுத்தினார்.

டெய்சியின் பைக்குள் சேவல் கூவியது.

"அட, இதே மாதிரிதான் கூவணும்," என்றார் ஆன்றோ. "இதையே வெச்சிடும்மா."

டெய்சி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பாக்கியமேரி எல்லோருக்கும் சொன்னார்.