சிவப்பைக் குறைத்தால் போதும்

"மூஞ்சில இருக்குற செவப்ப எடுத்துரு தம்பி. செத்த புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ செவப்பு?"

மைக்கேல்ராஜ் நீட்டிய ஃபோனில், வெள்ளைத் துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தை கண்மூடிக் கிடந்தது. போட்டோ ஸ்டூடியோக்காரன் ஜீஷான் ஃபோனைக் கையில் வாங்கினான். ஸ்டூடியோ வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் மைக்கேல்ராஜின் மனைவி ஜெபமணி உட்கார்ந்திருந்தார். மடியில் அதே வெள்ளைத் துண்டு.

"எம்மக ப்ரீதாவுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. மயக்கம் தெளியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நேர்ல காட்டுனா தாங்கமாட்டா. போட்டோவுலயாச்சும் காட்டுங்க, அப்பத்தான் ஆஸ்பத்திரிய விட்டு வருவேன்னு அழுவுறா."

"புள்ளையோட அப்பா...?"

"அந்தப் பேச்ச விடு தம்பி."

கல்யாணப் பெண்ணை வெளுப்பாக்கித் தரச் சொல்லி மத்திகிரியில் நிறையப் பேர் வருவார்கள். இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை. போதாக்குறைக்கு ஜீஷான் கலர் விஷயத்தில் படு கறார். அதற்கென்று ஒரு கருவி வாங்கி, மானிட்டரில் வைத்து நிறத்தைச் சரிபார்க்காமல் எந்தப் படத்தையும் தொடமாட்டான். ஊரே கேலி செய்தும் விடவில்லை.

படத்தைத் திரையில் பெரிதாக்கினான்.

"ஃபோன் கேமராவுல கலர் மாறியிருந்தா துண்டும் செவப்படிச்சிருக்கணும்ணா. துண்டு சுத்த வெள்ளையா இருக்குது. மூஞ்சி மட்டும் எப்படி..."

"கையில வாங்குனவன் நானு. நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. இந்தக் கலர்ல காட்டுனா உசுரோட இருக்குதுன்னு அடம்புடிப்பா. அவ இத மறந்துட்டு எந்திரிக்கணும், அவ்ளோதான்."

பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கலர் பாடம் நடத்திய தன்மேலேயே ஜீஷானுக்கு வெறுப்பு வந்தது. துண்டைத் தொடாமல் முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சிவப்பைக் குறைத்தான். கன்னம் வெளிறியது.

அவன் மகள் ஸோயா பிறந்த அன்று இதே சிவப்பில்தான் இருந்தாள். அந்த நினைப்பில் மவுஸை விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். உதட்டில் நீலம் ஏற்றும்போது, தானே ஓர் உயிரை வாங்குவது போல இருந்தது.

பேப்பருக்கு ஏற்ற கலர் செட்டிங்கைப் போட்டு பிரிண்ட் எடுத்தான். திரையில் பார்த்த அதே நீலம் காகிதத்திலும் இறங்கியிருந்தது. கலர் இவ்வளவு சரியாக வந்ததற்காக முதல்முறையாக வருத்தப்பட்டான்.

மைக்கேல்ராஜ் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது போதும் தம்பி. நம்பிருவா. இத அவகிட்டக் காட்டிட்டு நாங்க ஊத்தங்கரை போவணும்."

"அடக்கம் அங்கதானுங்களா?"

அவர் படத்தைக் கவருக்குள் வைத்தார்.

வழியனுப்ப ஜீஷான் வாசல்வரை வந்தான். ஆட்டோவுக்குள் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெபமணி பதற்றத்தோடு வெளியே தலை நீட்டினார்.

"சீக்கிரம் வாங்க. பாலுக்கு அழுவுது."