ஏ பிளாக் தளபதி

"பீரங்கியை முன்னாடி நகர்த்துங்கோ! இன்னிக்கு ஒருத்தன் உயிரோட திரும்பப்படாது!"

ஒலிபெருக்கியில் கிளம்பிய கர்ஜனைக்கு சால்ட் லேக் அரசுக் குடியிருப்பின் புறாக்கள் ஒருசேர எழும்பிப் பறந்தன. 'பீரங்கி' ரஞ்சன் மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்மின்டன் மட்டையோடு வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் வருடா வருடம் நடத்தும் பொங்கல் விளையாட்டு. இறுதிப் போட்டி, ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும். மைக் ஏ பிளாக் ஜம்புநாதன் கையில். அலுவலகத்தில் யாரையும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர்தான். மைக்கைப் பிடித்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தளபதி அவருக்குள் புகுந்துகொள்வார்.

சி பிளாக் பாலசுப்ரமணியன் இறகுப்பந்தை எட்டி அடிக்கப் போய்க் கால் இடறி விழுந்தார். ஜம்புநாதனுக்குக் கேட்கவா வேண்டும்!

"கோட்டை இடிஞ்சது! பாலுவைப் பெட்டியிலே வச்சு, கொடி போர்த்தி, வீட்டுக்கு அனுப்புங்கோ!"

மைதானமே சிரித்தது. சி பிளாக்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த தமயந்தியும் சிரித்தாள். முன்வரிசையில் குளிர்காலத்து வெயிலில் உட்கார்ந்து, கமலா ஆரஞ்சை உரித்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏ பிளாக் ஜெயித்தது. ஜம்புநாதன் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யாரும் எழுந்து போயிடாதீங்கோ. லேடீஸுக்கு ஒரு மேட்ச் பாக்கி இருக்கு. சின்னதுதான், முடிச்சிட்டுச் சாப்பிடப் போயிடலாம்."

தமயந்தியின் மடியிலிருந்து ஆரஞ்சுத் தோல் சரிந்து விழுந்தது. அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் சி பிளாக் பக்கம் வேகமாக நடந்தாள்.

"அதோ, எதிரி புறமுதுகு காட்டி ஓடறா! விடாதீங்கோ, சிறைப் பிடிங்கோ!"

மறுபடி சிரிப்பு. தமயந்தி ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடியே போய்விட்டாள்.

ஜம்புநாதனின் மனைவி கோமதி விறுவிறுவென்று வந்து மைக்கைக் கையால் பொத்தினாள்.

"வாயை மூடுங்கோ கொஞ்சம். அவ ஆம்படையான் மிலிட்டரில இருந்தவன். பார்டர்ல குண்டடி பட்டுப் போயிட்டான். பெட்டியிலதான் வீட்டுக்கு வந்தானாம்."

"எனக்கு... எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே நேத்திக்குத்தான் தெரியும். சொல்றதுக்குள்ள நீங்க மைக்கைத் தூக்கிண்டு கிளம்பிட்டேள்."

மைக்கை ரஞ்சனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டி, கொடி, உயிரோடு திரும்பக் கூடாது... சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதே ஒலிபெருக்கிச் சத்தத்தோடு காதுக்குள் கேட்டது. அந்தப் பெண்ணை முன்னால் உட்கார வைத்து, ஊரே சிரிக்க, அல்லவா சொல்லியிருக்கிறார்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கோ. நான் கூட வரமாட்டேன்" என்றாள் கோமதி.

சி பிளாக் மாடிப்படி ஏறும்போது எதிரே இறங்கி வந்தவர் "என்ன தளபதி!" என்று கை நீட்டினார். ஜம்புநாதன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்.

தமயந்திதான் கதவைத் திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும், "உள்ள வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"எந்த முகத்தை வச்சுண்டு உள்ள வருவேன்? எனக்குத் தெரியாதும்மா. தெரியாதுங்கறது ஒரு சாக்கா? யாரா இருந்தாலும் அப்படிப் பேசியிருக்கப்படாது. என்னை மன்னிச்சுடுங்கோ."

"ஐயோ, நீங்க போய் மன்னிப்பு கேட்டுக்கிட்டு! அதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்றதுதானே. எனக்கு ஒண்ணும் தோணல சார். நானும் சிரிச்சிக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்."

தன் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாள் என்று நினைத்தார் ஜம்புநாதன். அந்த நல்ல குணம் அவரை இன்னும் கூச வைத்தது.

"இல்லம்மா. அழுதிருக்கேள், முகமே சொல்றது. இதோ சத்தியமா சொல்றேன். இனிமே பீரங்கி, கோட்டை, பெட்டி எதுவும் என் வாயில வராது. மேட்ச்சை வெறும் மேட்ச்னு மட்டும்தான் சொல்லுவேன். போதுமா?"

தமயந்தியின் முகம் வெளுத்தது. கதவை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சார் என்னால கேக்க முடியல."

ஜம்புநாதன் புரியாமல் நிமிர்ந்தார்.

"நான் பயந்துடுவேன்னு அவரு போன்ல சண்டைன்னு சொல்லவே மாட்டாரு" என்றாள் தமயந்தி. "கடைசியாப் பேசினப்பவும், 'சின்னதா ஒரு மேட்ச் இருக்கு, முடிச்சிட்டுக் கூப்பிடறேன்'னுதான் சொன்னாரு."