பத்தொன்பது ஜோடி

பூனையின் மூக்குத் துளைகளை அவள் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது.

இரண்டு கோடுகள். நகத்தால் கீறியது போல. அவ்வளவுதான்.

பூனை வாயால் மூச்சு வாங்கியது. நாக்கு வெளியே தொங்கியது. உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஈறு நீலம் பாரித்திருந்தது.

"பேரு குல்ஃபிங்க டாக்டர்," என்றான் அதைக் கொண்டுவந்தவன். முப்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. பணிவான குரல். "டவுன் சிண்ட்ரோம் இருக்குதுங்க. இன்ஸ்டாவுல இவனப் பார்க்கறதுக்கே ஒண்ணேமுக்கால் லட்சம் பேருங்க."

அவன் வைத்தியத்துக்கு வரவில்லை. சிலர் நம்பாமல் கமெண்ட் போடுகிறார்களாம். இது டவுன் சிண்ட்ரோம்தான் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வேண்டும்.

ஈரோட்டில் பதினாறு வருடமாக அவள் கால்நடை மருத்துவர். மேசைக்கு எதிரே நிற்பவர்களிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அது மனுஷங்களுக்கு வர்றது. இருபத்தொண்ணாவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணா இருக்கும். பூனைக்கு மொத்தமே பத்தொம்பது ஜோடிதான். இருபத்தொண்ணு எங்கிருந்து வரும்?"

அவன் சிரித்தான்.

"பார்க்க அப்படித்தானுங்களே இருக்குது."

"இதோட அப்பா அம்மா யாரு?"

"ரெண்டும் நம்ம வீட்டுலதாங்க. அப்பனும் மகளும். முகம் தட்டையா வரணும்னுட்டு அப்படித்தான் சேர்த்தோம்."

வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

அவளுடைய அக்கா டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். சொந்தத்தில் கட்டிக்கொண்டாய், அதனால்தான் இப்படிப் பிறந்திருக்கிறது என்று அம்மாவைச் சாகும்வரை சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில். பந்தியில். ஓடுகிற பேருந்தில். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புத்தகத்தை விரித்துக் காட்டியும் அம்மா நம்பாமலே போய்ச் சேர்ந்தாள்.

அம்மா செய்யாத குற்றம். இவன் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்திருக்கிறான்.

"மூக்கை ஆபரேஷன் பண்ணித் திறந்து விடலாம்," என்றாள். "இல்லைன்னா இந்தக் கோடையைத் தாண்டாது."

"முகம் மாறுங்களா?"

"மூக்கால மூச்சு விடும். வாயை மூடிக்கும்."

அவன் யோசித்தான்.

"அப்ப நாக்கு உள்ள போயிருமே. வேண்டாங்க. அந்த நாக்குக்குத்தான் எல்லாரும் வர்றாங்க."

திரையை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். பூரணி. வெளியே டோக்கன் கூப்பிடுவது பூரணியின் வேலை. மிரண்ட பிராணிகளைப் பிடித்துக்கொள்வதும்தான். பூரணி பிடித்து எந்த நாயும் கடித்ததில்லை.

பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவன் பூரணியின் முகத்தைப் பார்த்தான். பூனையைப் பார்த்தான். மறுபடி பூரணியை.

செல்போன் எழுந்தது.

"பாப்பா, அவனைக் கன்னத்தோட வெச்சுக்கோ. ரெண்டு பேரும் இங்க பாருங்க."

பூரணிக்குப் போட்டோ பிடிக்கும். கேமராவைக் கண்டால் சிரித்துவிடுவாள்.

தங்கை மேசையைச் சுற்றி வந்தாள். செல்போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பள்ளிக்கூட வாசலில், கோயில் வரிசையில், மளிகைக் கடையில் அக்காவைப் பற்றிய பேச்சை இத்தனை வருடம் கேட்காதது போல நடந்து போனதெல்லாம் அந்தக் கைக்கு வந்திருந்தது.

"அழிங்க."

"நல்லதுக்குத்தானுங்க டாக்டர். ஒரு விழிப்புணர்வு..."

"அழிங்க."

அழித்தான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பூரணி இதையெல்லாம் கவனிக்கவில்லை. பூனையின் மார்பில் காதை வைத்திருந்தாள்.

"இவனுக்கு மூச்சு முட்டுது," என்றாள் அவனிடம். "நீ பார்க்கலையா?"

பிறகு, ஞாபகம் வந்தது போல, "நான் பாப்பா இல்ல. நாப்பத்தி நாலு."

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பூனையை மடியில் போட்டு இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டாள்.

"டாக்டர், குடுக்கச் சொல்லுங்க. நேரமாகுது."

கொடுத்துடுக்கா. விட்டுடுக்கா. பரவாயில்லைன்னு சொல்லுக்கா. நினைவு தெரிந்த நாளாக அவள் அக்காவிடம் சொல்லி வந்தது இதைத்தான்.

இப்போது சொல்லவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தாள். அக்காவின் முன்னால் மண்டியிட்டு, பூனையின் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"படிவம் மேசையில இருக்கு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுங்க."

அவன் படிவத்தைப் படித்தான். கோபப்படவில்லை.

"அவங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா அவங்களே வெச்சுக்கட்டுங்க. அதே ஜோடியைத் திரும்பச் சேர்த்திருக்கோம். அடுத்த வாரம் குட்டி போட்ரும். இதைவிட முகம் நல்லா வரும்."

பூனையை மருத்துவரிடமே விட்டுவிடுவதாகப் படிவத்தின் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான். காலிக் கூடையை எடுத்துக்கொண்டான். வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

பூனையின் ஈறு மெல்லச் சிவந்தது.

"நல்லவரு," என்றாள் பூரணி. "நமக்கே குடுத்துட்டாரு."

தங்கை மாஸ்க்கை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வெளி மேசைக்குப் போனாள். பதிவேட்டைத் திறந்தாள்.

அவனே எழுதியிருந்தான். மணி மணியான கையெழுத்து. வீட்டு எண், தெரு, கைபேசி எண்.

நின்றபடியே வேறொரு தாளில், பிராணி வதைத் தடுப்புச் சங்கத்துக்கு என்று தலைப்பிட்டு, அதை எழுதத் தொடங்கினாள்.

பேனா தாளைக் கிழித்தது.

அடுத்த தாளை எடுத்தாள்.