மாமனார் ஊற்றும் ஆயில்

"மாப்ளே, இதை இன்ஜின்ல ஊத்தணுமா, தலையில தேய்ச்சுக் குளிக்கணுமா? தேன் மாதிரில்ல இருக்கு!"

மாமனார், மாப்பிள்ளை வாங்கி வந்திருந்த கேனைத் திறந்து, கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் விட்டு, வெயிலில் காட்டினார். ஷெட்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி ஜோக்கடித்தால் சிரிப்பதும் அங்கே சம்பளத்தில் அடங்கிய வேலைதான்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டான். மாமனாரின் டிராக்டர்களையும் லாரிகளையும் கவனித்துக்கொள்ளலாம் என்று, இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்திருக்கும் மாபெரும் பொறுப்பு, டயர்களில் காற்று பார்ப்பது. 'ஒர்க்‌ஷாப்பை என்கிட்டயே விட்டுடுவார் பாரு' என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

"இது சிந்தெடிக் ஆயில், மாமா. எவ்வளவு குளிர்லயும் கெட்டியாகாது. காலையில சாவியைத் திருப்பினா வண்டி உடனே கிளம்பும். அடிக்கடி மாத்தவும் வேண்டாம். நீங்க அந்தக் கறுப்பு டிரம்லேர்ந்து ஊத்தறது உங்க அப்பா காலத்துச் சரக்கு."

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க? அவர் பாட்டுக்கு செவுத்துல படமா இருக்காரு."

மறுபடியும் சிரிப்பு. எல்லாருக்கும் மூத்த டிரைவரான மீசைக்காரர் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தார். "மாப்ளை லேப்டாப்புல பார்க்கறப்ப எல்லா வண்டியும் நல்லாத்தான் முதலாளி ஓடுது. ரோட்டுலதான் மக்கர் பண்ணுது."

மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது.

"சரி, பேச்சு எதுக்கு? அதோ நிக்குதே, அந்தப் பெரிய டிராக்டர். அதோட இன்ஜின் மேல்மூடியைக் கழட்டச் சொல்லுங்க. உள்ளே தார் மாதிரி கசடு அப்பியிருக்கும். உங்க ஆயில் லட்சணத்தை எல்லாருமே பார்க்கலாம்."

மாமனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கசடு இருந்தா ஒர்க்‌ஷாப் இன்னிக்கே உங்களுது. இல்லைன்னா?"

"இல்லைன்னா இனிமே ஆயிலைப் பத்திப் பேசவே மாட்டேன். காலம் பூரா டயருக்குக் காத்துப் பார்த்துட்டுக் கிடக்கறேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!"

மெக்கானிக் ஸ்பேனரோடு ஏறினார். டிரைவர்கள் டீ டம்ளர்களோடு சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. மூடியைத் தூக்கியதும் மாப்பிள்ளை தலையை உள்ளே நுழைக்காத குறையாகக் குனிந்து பார்த்தான்.

கசடு இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. விரலை விட்டுத் தடவினான். கறுத்த ஆயில் விரலில் ஒட்டியது, அவ்வளவுதான். அதற்குக் கீழே இரும்பு இரும்பாகவே இருந்தது. அவன் படித்த எல்லாக் கட்டுரைகளும், போட்ட எல்லா வரைபடங்களும் அந்த மூடிக்குள்ளே செத்துக் கிடந்தன.

"என்ன மாப்ளே, தார் கிடைச்சுதா? ரோடு போட ஆள் வரச் சொல்லட்டுமா?"

இந்த முறை சிரிப்பு சம்பளத்துக்காக வந்தது அல்ல. மீசைக்காரருக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. மாமனார் விடுவதாக இல்லை.

"இந்த வண்டி குளிர்ல கிளம்ப அடம்பிடிச்சுதா? இல்லை. புகை கக்குதா? இல்லை. அப்புறம் என்ன சீமை ஆயில் வேண்டிக் கிடக்கு? கேனைக் கொண்டுபோய் வாசல் கேட்டோட கீலுக்கு ஊத்துங்க. அதுவாவது கிறீச்சுன்னு சத்தம் போடாம இருக்கும்."

மாப்பிள்ளைக்கு, வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் முதலில் தோன்றியது.

"நீங்க சொன்னதுதான் சரி, மாமா. உங்க ஆயிலே போதும்."

"சத்தமா."

"உங்க ஆயிலே போதும், மாமா!"

டிரைவர்கள் கைதட்டினார்கள். மாமனார் அவனைக் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்குள் அழைத்துப்போனார். வெளியே பட்ட அவமானம் போதாதென்று தனியாகவும் ஒரு பாட்டு பாக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவன் உள்ளே போனான்.

"கதவைச் சாத்துங்க."

சாத்தினான்.

"தாழ்ப்பாளும்."

போட்டான். மாமனார் ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியில விலை கூடின ஆயில் இருக்குன்னு தெரிஞ்சா இவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? வழியில ஓரங்கட்டி, அடி நட்டைக் கழட்டி வடிச்சு வித்துட்டு, எவனோ கழிச்சுப்போட்ட கருகல் ஆயிலை ஊத்தி ஓட்டிட்டு வருவாங்க. அப்படியே ரெண்டு இன்ஜின் போச்சு எனக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், மாமா?"

மாமனார் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒர்க்‌ஷாப்பை இன்னிலேர்ந்து நீங்களே பார்த்துக்குங்க மாப்ளே. ஆனா வெளியில போனதும் சிந்தெடிக்கை என்னைவிடக் கேவலமாத் திட்டணும். ஷெட்டுல ஆளில்லாத நேரமாப் பார்த்து நான் அந்தக் கறுப்பு டிரம்ல வருஷக்கணக்கா நிரப்பிட்டு வர்றது அதைத்தான்."