நம்பர் தர மாட்டேன்

"நம்பர் சொல்லுங்க, பவித்ரா." கண்ட்ரோல் மெஷின் மூணாவது தடவையா கேட்டுச்சு. இலக்கியா நம்பர் தாளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பவித்ரா அவ அம்மா. காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம உள்ள கெடக்குறாங்க. கேட்கீப்பர் சீட்டுல உக்காந்திருக்கறது இந்தப் பதினாறு வயசுப் பொண்ணுதான்.

ரயில்வே கேட்டை மூடுறதும் மெஷின், வண்டிய விடுறதும் மெஷின். கேட் மூடியாச்சு, வண்டி வரலாம்னு உறுதி சொல்ல, தாள்ல இருக்கற நம்பரை மட்டும் ஒரு மனுஷ வாய் சொல்லணும். ஏதாவது ஆச்சுன்னா மாட்டிவிட ஆள் வேணுமில்ல?

ஆனா இப்ப ரெண்டு கேட்டுக்கும் நடுவுல, தண்டவாளத்து மேலயே ஒரு கரும்பு டிராக்டர் நின்னுபோச்சு.

"கேட் மூடியிருக்கு. நம்பர் சொல்லுங்க."

"டிராக்டர் நிக்குது! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"கேட் மூடியிருக்கு. இன்னும் பத்து செகண்டு தாமதமானா உங்க வேலையும் குவார்ட்டர்ஸும் ரத்தாகும்."

மெஷின் பேசறது ஸ்பீக்கர்ல கேட்டு, கீழ டிராக்டர்க்காரரு ரெண்டு கையையும் ஆட்டி அலறுறாரு. "நம்பரைச் சொல்லிடாத, தாயி!"

"ரத்து பண்ணிக்கோ, போ! உயிரே போனாலும் தர மாட்டேன்." இலக்கியா நம்பர் தாளை மடிச்சு, அடியில போட்டு, அது மேலயே உக்காந்துட்டா.

நம்பர் வராததால, தூரத்துல ரயில் கிறீச்சுன்னு நின்னுச்சு.

மெஷின் ரொம்ப மரியாதையா கேட்டுச்சு: "நம்பர் தர மறுத்தது பவித்ராவா, வேற யாராவதா?"

அம்மா பேரைச் சொன்னா, வண்டிய நிறுத்துன குத்தம் அம்மா மேல. தன் பேரைச் சொன்னா, சீட்டுல இல்லாத குத்தமும் அம்மா மேலதான். இலக்கியா மைக்கைப் பக்கத்துல இழுத்துக்கிட்டா. பயமெல்லாம் போயிடுச்சு. ஆனா எந்தப் பேரைச் சொல்றது?