ரொம்ப நல்ல கஸ்டமர்

சரியாக ஆறு மணிக்கு இயந்திரத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, அவள் நேரே சட்டைப் பிரிவுக்குத் திரும்பி நடந்தாள்.

பழக்கதோஷம்!

ஏழு வருஷமாக அந்தத் துணிக்கடையில் இதுதான் நடைமுறை. ஆறு மணிக்கு விரல் வைத்தால், வேலை முடிந்தது என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஒன்பது வரை சட்டை மடிக்க வேண்டும்.

இயந்திரம் குறிப்பதைத்தான் அரசாங்கமும் நம்புகிறது. கடை ஊழியர்களின் வேலை நேரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறதாம். சிரிப்பதா, அழுவதா?

அது நிஜந்தானா என்று பார்க்க இன்றைக்கு ஒரு அதிகாரி வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் காலையிலேயே பாடம் நடத்தியாயிற்று. “விரல் வச்சிட்டுப் பின்வாசல் வழியா சந்துல போய் நில்லுங்க. ஆபீசர் தலை மறைஞ்சதும் உள்ள வந்துடுங்க.”

அவளுக்கு வேறு கவலை. ஆறரைக்குப் பள்ளிக்கூடத்தில் சின்னவளுடைய நாடகம். மரம் வேஷம். வசனம் கிடையாது, அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் பத்து நாளாக வீட்டில் அதே பேச்சு. போன வருஷம் பாறையாக நின்றபோது அம்மா போகவில்லை. “மரத்தையாச்சும் பாக்க வருவியா?” என்று காலையில் கேட்டுவிட்டுப் போயிருந்தது குழந்தை.

பர்மிஷன் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பேச்சே எடுக்காதே என்றுவிட்டார் மேனேஜர்.

இப்போது மற்ற பத்துப் பேரும் நல்ல பிள்ளைகளாகப் பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார்கள். இவள் மட்டும் ஒரு நீலச் சட்டைக்குக் காலர் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

பதிவைப் பார்த்து முடித்து, மேனேஜரோடு வெளியே வந்தார் அதிகாரி. “இவங்க யாரு?”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. “கஸ்டமர், சார்!”

கஸ்டமர் சட்டையை நாலாக மடித்து, சுருக்கம் நீவி, அளவு பார்த்து அடுக்கில் வைத்தாள். அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரொம்ப நல்ல கஸ்டமர், சார்.”

சரி, கஸ்டமர் என்றால் கஸ்டமர்தான். “எதுவும் பிடிக்கலைங்க, வரேன்” என்று முன்வாசலைப் பார்த்து நடந்தாள். மேனேஜரே ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார் மனுஷன். ஏழு வருஷத்தில் அந்த வாசல் வழியாக அவள் வெளியே போனது அன்றைக்குத்தான்.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது திரை விலகிக்கொண்டிருந்தது. வலது ஓரத்து மரம் அவளைப் பார்த்துவிட்டது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ, கிளையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கையில் போன் அதிர்ந்தது. பில் போடுகிற தோழி செய்தி அனுப்பியிருந்தாள்.

‘மேனேஜர் குதிக்கிறாரு. பழக்கத்துல மறந்துபோய்த் திரும்பி வந்தவ, யூனிஃபார்ம் கோட்டை எப்பக் கழட்டி லாக்கர்ல மாட்டினா, கைப்பையை எப்பத் தோள்ல போட்டான்னு கேக்குறாரு. நாளைக்கு இருக்குடி உனக்கு.’

நாளைக்குத்தானே!

போனை அணைத்து அந்தக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி மரத்துக்கு ஆட்டினாள்.